ரெஸ்யூமில் மொட்டையாகக் கிடந்த இடம்

என்னுடைய முதல் ரெஸ்யூமைப் பார்த்தவர்கள், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பார்கள். ஒரத்தநாடு கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடித்துத் தரும் கடை அது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் என் விவரங்களை வாங்கிக்கொண்டு, டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டார். நாலு பக்கமும் தங்க நிறக் கொடி, உச்சியில் பிள்ளையார் சுழி, என் போட்டோவுக்குப் பின்னால் ரோஜா வண்ணம். முகத்தை வேறு நன்றாக வெளுத்து வைத்திருந்தார். அந்தப் பெண் யாரென்று எனக்கே தெரியவில்லை.

"எனக்கு வேலை வேணும்ண்ணே. மாப்பிள்ளை வேணாம்," என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "லட்சணமா இருக்கட்டுமேன்னு பண்ணேன்மா," என்றார்.

தஞ்சாவூரில் ஒரு விதை நிறுவனம் வயல்களைச் சுற்றிப் பார்க்கும் அலுவலர் வேலைக்கு ஆள் தேடியது. நான் தாவரவியல் படித்தவள். படித்து முடித்த கையோடு கல்யாணம். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். மாமியார் பெயரில் இருக்கும் நிலத்தை அன்றிலிருந்து நான்தான் பார்த்து வருகிறேன். ஆனாலும் யார் கேட்டாலும் 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லி, அதை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். வயது நாற்பதை நெருங்குகிறது. இதுவும் கைநழுவிப் போனால் இனி எங்கும் விண்ணப்பம் போட எனக்கு மனசு வராது. அது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மாமியாருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "நாத்து விடற நேரத்துல வேலைன்னு கெளம்பிட்டா வயல யாரு பாக்கறது?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அத்தை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது குதிரைக்கொம்பு. நானும் மேற்கொண்டு பேசவில்லை.

மகளின் லேப்டாப்பில் நானே செய்து பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். இணையத்தில் மாதிரிகள் கொட்டிக் கிடந்தன. இடது பக்கம் நீலப் பட்டை, போன் நம்பருக்கு முன்னால் குட்டியாக ஒரு போன், முகவரிக்கு முன்னால் குட்டியாக ஒரு வீடு. திறமைகளுக்கு நட்சத்திரம் போட வேண்டுமாம். தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்துக்கு மூன்றரை என்று போட்டேன். யார் பரீட்சை வைத்து மூன்றரை கொடுத்தார்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நட்சத்திரங்களை எடுத்தேன். ஜெராக்ஸ் எடுத்தால் நீலப் பட்டை கறுத்துப்போய் அதன் மேல் இருக்கும் என் பெயரே காணாமல் போய்விடும் என்பதால் அதையும் எடுத்தேன். ஒரே வகை எழுத்து, தலைப்புகளுக்கு மட்டும் கரும்பச்சை, சுற்றிலும் தாராளமான வெள்ளை. குறைக்கக் குறைக்க அந்தத் தாள் கண்ணுக்குக் குளிர்ச்சியாகிக்கொண்டே வந்தது.

அதில்தான் வம்பும் வந்தது. அலங்காரம் போனதும் நடுவில் இருந்த பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. கல்லூரிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வருடங்களைச் சின்ன எழுத்தாக்கினேன். வெளிர் சாம்பலாக்கினேன். ஓரத்துக்குத் தள்ளினேன். எதைச் செய்தாலும் கண் அங்கேதான் போனது.

அச்சடிக்க மறுபடியும் அதே கடைக்குத்தான் போனேன். அண்ணன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எல்லாம் நல்லாருக்கும்மா. இந்த எடந்தான் மொட்டையா கெடக்குது. ஒரு பூ வச்சிரவா?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அது ஒண்ணும் சும்மா கெடக்கலண்ணே. அத்தனை வருஷமும் நான் சேத்துல நின்னேன். மடை தொறக்கச் சண்டை போட்டேன். நடவுக்கு வீடு வீடாப் போய் ஆள் புடிச்சேன். கொள்முதல் நிலையத்துல மழைக்குப் பயந்துக்கிட்டு நெல்லுக்குக் காவல் கெடந்தேன்."

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப அதையே சொல்லும்மா. அடிக்கிறேன்."

சொன்னேன். படிப்புக்கு இருந்த அதே தடித்த எழுத்தில், அதே கரும்பச்சையில் 'நெல் சாகுபடி மேற்பார்வை' என்று தலைப்பு வந்தது. நாற்றங்கால், நடவு ஆட்கள், தண்ணீர்ப் பங்கீடு, அறுவடை, கொள்முதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, அவ்வளவுதான். நீட்டி முழக்கினால் யார் படிக்கப்போகிறார்கள். அந்தப் பகுதியைப் பக்கத்தின் மேல்பாதிக்கு ஏற்றிவிட்டு, படிப்பைக் கீழே இறக்கினோம். போட்டோவை எடுத்தோம். "மொதலாளி பேரு என்னன்னு போட?" என்று கேட்டார். பட்டா மாமியார் பெயரில்தானே இருக்கிறது, அவர் பெயரையே போடச் சொன்னேன். என்னைப் பற்றி விசாரிக்க ஒருவரின் போன் நம்பர் வேண்டும் என்ற இடத்திலும் எனக்கு வேறு ஆள் இல்லை. அத்தையின் நம்பரைக் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கூடாது என்பார், அதுவுமில்லாமல் யார் கூப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். தஞ்சாவூரில் அந்த விதை நிறுவனத்தின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. கூடக் காத்திருந்த பிள்ளைகளின் கையில் எல்லாம் வண்ண வண்ணத் தாள்கள். உள்ளே என்னைவிட மூத்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என் தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"எதையும் தேட விடாம எழுதியிருக்கீங்க," என்றார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார். "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமியாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே போனை எடுத்து நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"உங்க மருமக எங்ககிட்ட வேலை கேட்டு வந்திருக்காங்கம்மா. உங்க நெலத்த அவங்கதான் பாக்கறதா எழுதியிருக்காங்க. நெசந்தானா?"

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். முந்தானையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆமா. அவதான் பாக்கறா," என்றது அத்தையின் குரல். "தண்ணி கடைமடைக்கு வராத வருஷத்துலகூட எங்க வயலத் தரிசாப் போட்டதில்ல அவ. மடைக்காக ஊரே தெரண்டு வந்தாலும் அசைய மாட்டா."

பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"அப்ப வேலைக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமாம்மா?"

"சம்பளத்த நல்லாப் பாத்துக் குடுங்க," என்றார் அத்தை. "நாங்க ஒண்ணும் குடுக்கல."