ஃப்ரீசருக்கு லீவு விட்ட ஆயுதபூஜை

செய்கிற வேலையை நாலு பேர் மத்தியில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மென்று முழுங்கியவர்கள் யாராவது இருந்தால் கிட்டே வந்து உட்காருங்கள்; தொண்ணூறுகளில் மைசூரில் நான் விந்தணு ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன்.

பெண் பார்க்கப் போன இடத்தில்

"பையன் புரத ஆராய்ச்சியில் இருக்கான்" என்றுதான் அம்மா எல்லோரிடமும் சொல்வாள். பொய் இல்லை. மனித உடம்பில் இருக்கும் ஒரு புரதத்தை, அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, பாக்டீரியாவைக் கொண்டே செய்ய வைத்திருந்தார்கள். மந்தமாக நீந்தும் விந்தணு அந்தப் புரதம் பட்டால் வேகம் பிடிக்குமா? இதுதான் எங்கள் வத்சலா மேடத்தின் டாக்டர் பட்டத்துக்கான கேள்வி. வெளிநாட்டு லேப் ஒன்று பெரிய மனசு பண்ணி அதைப் பத்துச் சின்னக் குழாயில் அனுப்பியிருந்தது. இன்னொரு தடவை கேட்காதீர்கள் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டது. உறைந்தே இருக்க வேண்டும், உருகினால் வீண்.

இதையெல்லாம் பெண் வீட்டு ஹாலில் சொல்ல முடியுமா? கேசரியைப் பார்த்துக்கொண்டே "புரதம் சார்" என்றேன். வருங்கால மாமனாருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "அப்ப மாசாமாசம் பருப்புப் பொடி ஃப்ரீயா வருமாக்கும்?"

ஹெப்பாளிலிருந்து வந்த ஃப்ளாஸ்க்

புரதத்துக்குக் குளிர் வேண்டும். சோதனைக்கு வரும் விந்து சாம்பிளுக்கோ உடம்புச் சூடு வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள், சட்டைக்குள் வைத்து எடுத்து வாருங்கள் என்று வருகிறவர்களிடம் படித்துப் படித்துச் சொல்லுவேன். மைசூரை ஒட்டிய ஹெப்பாளில் ஃபேக்டரி ஆள் ஒருவர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழர், வியர்க்க விறுவிறுக்க வந்து பெரிய ஃப்ளாஸ்க்கை நீட்டினார். திறந்தால் உள்ளே ஐஸ். மைக்ராஸ்கோப்பில் ஓர் அணுகூட அசையவில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தேன், மனுஷன் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"வெயில்ல கெட்டுப்போயிருமேன்னு வழியில ரெண்டு வாட்டி ஐஸ் மாத்துனனுங்க சார்!"

மாதையன் கேட்டது

எங்கள் அட்டெண்டர் மாதையன், ஹனூர் பக்கம். லேபுக்கு வருமுன் ஐஸ் கேண்டி ஃபேக்டரியில் இருந்தவர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. ஒருநாள் அவராகவே சாம்பிள் கொடுத்தார். பார்த்தால், எல்லாம் மந்தம்.

"அந்த டியூப்ல இருக்கறது எனக்கு ஆகுங்களாம்மா?" என்று கேட்டார். மேடம் பொய் சொல்லத் தெரியாதவர். இது மருந்தில்லை மாதையா, சோதனைதான், மருந்தாக எத்தனை வருஷமோ, ஆகாமலேகூடப் போகலாம் என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. மாதையன்தான், பரவாயில்லை என்று எங்களைத் தேற்றினார்.

"எனக்கு ஆகலீன்னாலும் போச்சாதுங்கம்மா, எவனுக்காச்சும் ஆகட்டும்."

தசராவுக்கு மறுநாள்

அந்த வருஷ ஆயுதபூஜைக்கு மேடம் மேல்கோட்டைக்கும் நான் மாமனார் வீட்டுக்கும் போய்விட்டோம். (ஆமாம், பெண்ணைக் கொடுத்துவிட்டார்.) லேப் பூஜை மாதையன் பொறுப்பு. விஜயதசமியும் முடிந்து மறுநாள் காலை வந்தால், ஃப்ரீசருக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கதவு ஆவென்று திறந்திருந்தது, உள்ளே பளபளவென்று துடைத்திருந்தது. பிளக் பிடுங்கிக் கிடந்தது. ஆயுதத்துக்கு இரண்டு நாளும் ஓய்வாம்!

"அய்யோ தேவரே, என் நாலு வருஷம்!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மாதையன் நிதானமாக மேஜைக்கடியிலிருந்து தெர்மகோல் பெட்டியை இழுத்தார். உள்ளே ஐஸும் கல்லுப்பும். ஐஸ் கேண்டி உறைய வைக்கிற அதே கைப்பக்குவம். நடுவில் பத்துக் குழாயும் கல்லாக உறைந்திருந்தன. தெர்மாமீட்டரில் மைனஸ் பதினெட்டு. இரண்டு நாளும் லேபை விட்டு நகராமல் ஐஸ் மாற்றியிருக்கிறார். தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரியைப் பார்க்க அவர் மனைவி தனியாகப் போய் வந்திருக்கிறாள்.

ஆனாலும் மேடத்துக்குச் சந்தேகம். உடனே ஒரு குழாயை உருக்கிச் சோதித்துவிட வேண்டும் என்றார். சாம்பிளுக்கு எங்கே போவது? மாதையனே கொடுத்தார். அரை மணி கழித்துப் பார்த்தால், எல்லாம் இல்லை, ஆனால் நிறையவே சுறுசுறுப்பாகக் கிளம்பியிருந்தன. மேடம் எழுந்து மைக்ராஸ்கோப் முன்னால் மாதையனை உட்கார வைத்தார். வைத்த கண்ணை அவர் எடுக்கவே இல்லை. மேடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஃப்ரீசரை ஆஃப் பண்ணாமலே பொட்டு வச்சிருக்கலாமே மாதையா, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார். தலையைத் தூக்காமலே பதில் வந்தது.

"பெட்டிக்கு லீவு குடுக்கோணும்ங்கம்மா, அது முறை. உள்ளார இருக்கறதுக்கு எப்படிங்க லீவு குடுக்கறது? அதை நம்பி எத்தனை ஊடு காத்துக்கிட்டு இருக்குது!"

அடுத்த வருஷத்திலிருந்து ஆயுதபூஜைக்கு எங்கள் ஃப்ரீசருக்குப் பொட்டு மட்டும்தான். லீவு மாதையனுக்கு, பெண்டாட்டியோடு ஜம்பூ சவாரி பார்க்க.