ரயில், எலுமிச்சை, சாவி

பரீட்சை என்றால் அம்மாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: விடியுமுன் எழுப்பி உட்காரவைத்து மனப்பாடம். நான் பத்தாவது தேறியது அப்படித்தான். அப்பாவுக்கும் அதே வைத்தியம் நடந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கு வந்திருப்பது அல்சைமர் என்றார் டாக்டரம்மா. புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அதில் சேர்க்க முயல்வோம் என்றும் சொன்னார்.

"மூளையில ஒரு செல் இன்னொண்ணுக்குச் சேதி அனுப்பும். அதை வாங்கிக்கிற இடத்துக்கு ரிசெப்டர்னு பேரு. நீங்க விசில் அடிக்கிறீங்க, டிரைவர் காதுல விழலைன்னு வைங்க. இந்த மருந்து டிரைவர் காதுக்கு."

"அவன் காது நல்லாத்தான் இருக்கும் மேடம். வேணும்னே நிறுத்த மாட்டான்," என்றார் அப்பா.

பிறகு மூன்று சொற்கள் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்டார்கள். ரயில், எலுமிச்சை, சாவி. அப்பாவுக்கு ஒன்றும் வரவில்லை. சேர்க்கைத் தேர்வு அடுத்த வாரம்.

அந்த வாரம் முழுக்க எங்கள் விவேக் நகர் வீட்டில் ரயில் ஓடியது. காபிக்கு முன் எலுமிச்சை, குளிக்கும்போது சாவி. தேர்வில் அப்பா மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

"ரொம்ப நல்லா இருக்காரே. இவ்வளவு மார்க் வாங்குறவரை மறதி மருந்துக்குச் சேர்க்க முடியாது," என்றார் டாக்டரம்மா.

அம்மா காதில் முதல் வாக்கியம் மட்டுமே விழுந்தது. பூரித்துப்போனாள். வீட்டில் நடந்த மனப்பாடத்தை நான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரை தயவுசெஞ்சு பாடம் எடுக்காதீங்கம்மா."

அந்த மாதங்களில் வீட்டில் குக்கர் மட்டும் பேசியது. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அப்பா காபியோடு காத்திருப்பார்.

"இன்னிக்குப் பாடம் இல்லையா?"

"லீவுங்க," என்பாள் அம்மா.

ஒருநாள் என்னைப் பார்த்து, "சார், டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார். எடுத்தாச்சு என்றேன்.

மறுதேர்வில் புதுச் சொற்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்: ரயில், எலுமிச்சை, சாவி. பூஜ்யம். இடம் கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் மாவு மாத்திரைதான் கொடுப்பார்களாம்; அப்பாவுக்குக் கிடைக்கப்போவது மருந்தா, மாவா என்பது எங்களுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

ஆட்டோவில் ஏறியதும் அப்பா கேட்டார்: "பாஸா?"

"பாஸுங்க," என்றாள் அம்மா, வெளியே பார்த்தபடி.

அப்பா முன்னால் இருந்த கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். "ரைட்!"

டிரைவர் காதில் விழுந்தது. வண்டி கிளம்பியது.