புளித்த மாத்திரை

கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது எளிது. அதை அடுத்தவர் வாய்க்குள் போகவைப்பதுதான் பாடு. வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுத்த காலத்தில் அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கரி பஸ்ஸில் வந்தவர்

நெசவாளி சங்கரப்பனுக்கு மதுரையில் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். கல்லீரலுக்கு அடியில் இருக்கும் சின்னப் பை அது. அவருடையதில் கல் நிறைந்திருந்தது. மிச்ச நாள் எங்களிடம் படுத்துத் தேறட்டும் என்று அனுப்பினார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில், விலாவுக்குக் கீழே ஒரு தலையணையை அணைத்தபடி காரியாபட்டி வழியாக வந்து இறங்கினார்.

தையல் வலியில் அவர் மூச்சை முழுதாக இழுக்கவில்லை, இருமவும் இல்லை. “இருமாவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். அப்புறம் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம்” என்றார் டாக்டர். இருமச் சொல்லி நான் கெஞ்சினேன். சங்கரப்பன் கும்பிட்டார்.

“கம்பவுண்டரய்யா, எனக்குப் பதிலா நீங்களே ஒருக்கா இருமிருங்க.”

கசந்தால்தான் மருந்து

வலிக்குப் போடும் ஊசிமருந்தெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்டது. டாக்டர் வைட்டமின் சி மாத்திரை எழுதினார். “காயம் ஆற உதவும். வலியும் கொஞ்சம் குறைகிறதா, பார்ப்போம்” என்றார்.

சங்கரப்பனின் மனைவி நாகம்மா மாத்திரையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார், முகம் சுருங்கியது. எங்கள் பக்கம் மருந்தென்றால் கசக்க வேண்டும். புண்ணுள்ளவர் புளிப்புத் தின்றால் சீழ் வைக்கும் என்று குழம்பில் புளியையே நிறுத்திவிடுவார்கள். மாத்திரை கெட்டுவிட்டது என்றார். புதுப் புட்டியைத் திறந்து ஒன்று கொடுத்தேன். அதையும் நக்கிப் பார்த்தார்.

“ஏமாந்துட்டீகளே ஐயா, மொத்தமும் புளிச்சதாவுல்ல குடுத்திருக்கான்!”

ஜன்னலில் வந்த மகள்

எப்படியோ சமாதானமாகி, நாகம்மா வேளை தவறாமல் மாத்திரையை வாங்கிப் போனார். ஆனாலும் சங்கரப்பன் தலையணையை விடவில்லை. நெஞ்சில் கரகரப்புக் கேட்டது. டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை.

சாப்பாடு கொண்டுவரும் மகள் லட்சுமி மசக்கைக்காரி. ஈறில் ரத்தம் கசிகிறது என்று முன்பு என்னிடம் வந்திருக்கிறாள். ஒரு மத்தியானம் மருந்து ஜன்னலில் வந்து நின்றாள்.

“அம்மா குடுக்குமே, அந்தப் புளிப்பு மிட்டாயி தீந்துபோச்சாம். இன்னும் இருக்குங்களா?”

ஈறும் புண்தானே

நாகம்மாவைக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன்; அழுது வீங்கிய கண்ணைப் பார்த்ததும், ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை என்று மட்டும் கேட்டேன். “அவுகளுக்குச் சீழ் வச்சிட்டா நான் எங்க போவேன்? எறியவும் மனசு வரலை. புள்ள புளிப்புக்கு ஏங்குச்சு” என்றார்.

லட்சுமியிடம் உதட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ரத்தமில்லை, ஈறு ஆறியிருந்தது. “இதுவும் புண்தானே அம்மா? சீழ் வைத்ததா?” என்றேன். நாகம்மா மகளின் வாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முன்னால் கையை நீட்டினார்.

“அவுக மாத்திரையக் குடுங்க. நானே ஊட்டிவிடுறேன்.”

இருமல்

மாத்திரை வலியைக் குறைத்ததா, நாள் போகப்போகக் குறைந்ததா, மனைவியின் பயம் போனதால் அவருக்கும் தெம்பு வந்ததா, எனக்குத் தெரியாது. டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒரு காலையில் தலையணையை அழுத்திக்கொண்டு சங்கரப்பன் இருமினார். சளி வந்தது. நாகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சங்கரப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க செரமப்பட வேணாம் கம்பவுண்டரய்யா, இனி நானே இருமிக்கிடுதேன்.”

அன்றிலிருந்து எந்த மருந்தைக் கொடுத்தாலும், நோயாளிக்கு முன்னால் அது யார் வாயில் போய்ப் பரீட்சை தேற வேண்டும் என்று விசாரித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.