கோழி திருடுற வேசம்

காலு ஒடிஞ்சுதான் என் பேரன் வேலைய விட்டான்னு எவ சொன்னா மதினி? அவ வாயில மண்ணு விழ! டிவியில வருமே பெரிய குஸ்திக் கம்பெனி, அதுலதான் அவனுக்கு வேல. அங்க யாரு ஜெயிக்கணும், யாரு தோக்கணும்னு முன்னாலயே பேசி வச்சுருவானுவ. தோக்குறதுல அவனுக்குச் சடவோ வருத்தமோ இல்ல. ராஜா வேசத்துல வந்து விழுவான், பாக்க அவன் தாத்தா மாதிரியே இருக்கும். அவரும் படியில இறங்குனா விழுவாரு.

பொறவு அந்த மொதலாளிப் பய, “நீ தமிழன்தானே, இனி ராஜா வேண்டாம். அழுக்கு லுங்கி கட்டி, கோழி திருடுற பாண்டி வேசத்துல வா, ஜனம் சிரிக்கும்”னானாம். பாண்டியாம்! இந்த மலையாளத்து மண்ணுல, கரமனையிலயே பொறந்த பிள்ள. பள்ளிக்கூடத்துல மலையாளத்துப் பயலுவ நம்ம தமிழாளுவள எளக்காரமா அப்படித்தான் விளிக்கிறானுவன்னு எத்தன நாள் அழுதுட்டு வந்திருக்கான்!

“பாண்டி போறான் சாரே, கோழிய நீங்களே பிடிச்சுக்கோங்க”ன்னு சொல்லிட்டு, அந்த லுங்கியத் தோள்ல போட்டுட்டு வந்துட்டான். எனக்கு வந்த சந்தோசம்! நேத்து அந்தப் பய போன்ல, அவனத் திருப்பி அனுப்புங்கன்னு கெஞ்சுறான். “உன் லுங்கி என் அடுப்படியில கரித்துணி ஆயாச்சு”ன்னு சொல்லி வச்சுட்டேன்.

ஐயோ, சோறு பொங்குது! அந்தத் துணிய இங்க எடு மதினி, பானைய இறக்கணும்.