பதினான்குக்கு உட்பட்டவன்

அந்த ஆண்டு மழை தொடங்கியபோது எனக்குப் பதின்மூன்று வயது. மழை விட்டபோது பதினாறு. இடையில் கடந்தது மூன்று வாரம்தான். ஆனால் காகிதம் அப்படிச் சொல்லிற்று, காகிதம் சொன்னால் சொன்னதுதான். பிற்பாடு பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் எழுத்தராக இருந்து, மற்றவர்கள் பதவி உயர்வுக்கு மனுப்போடும் வயதில் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவன் நான். எந்தத் தவறுக்கு எந்தப் படிவம் என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்போது எனக்குத் தெரிந்தது பந்து ஒன்றுதான்.

மலைமேல் குண்டூர் நாடு என்று சொல்லும் எங்கள் ஊர்க்கூட்டத்தில் பள்ளி மைதானம் என்பது மரவள்ளிக்காட்டுக்கு மேலே மலையில் வெட்டிய ஒரு படி. இரண்டு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளிக்கூடம், நாலாவது பக்கம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் போன பந்து மிளகுக் கொடிகளுக்குள் உருண்டு ஓடையில்தான் நிற்கும். உதைத்தவன்தான் போய் எடுத்துவர வேண்டும். அவன் திரும்பி வருவதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். ஆகவே எங்களில் யாரும் பந்தை ஓங்கி உதைப்பதில்லை. காலோடு ஒட்டவைத்துக்கொண்டே திரிவோம். அது பயம் என்றுதான் நினைத்திருந்தோம். திறமை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாவட்டப் போட்டிக்குக் கீழே போனபோது, தொப்பி போட்ட ஒருவர் எங்கள் டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டு, “ஏனுங்க, இந்தப் பையன் இடது கால்ல பந்தைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கீங்களா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு மாநிலத் தேர்வு. அதற்கும் பிறகு ஒரு கடிதம். பதினான்கு வயதுக்குட்பட்ட தேசிய அணிக்கான பயிற்சி முகாமுக்கு வரவும். பிறப்புப் பதிவேட்டின் சான்றிதழ் கொண்டு வரவும். பள்ளிச் சான்றிதழ் ஏற்கப்படாது.

மாஸ்டர் அந்தக் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா அவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்து, தான் நின்றுகொண்டே கேட்டார்.

“ஜெயிச்சா என்னங்க சார் குடுப்பாங்க?”

“ஜெயிக்கிறதெல்லாம் இந்த டீமுல பெரிசில்லீங்க. இது பையனுங்கள வளத்தெடுக்கிற டீமு.”

“ஜெயிக்க வேண்டாம்னா எதுக்குங்க அத்தன தூரம்?”

மாஸ்டர் பொறுமையாக விளக்கினார். முப்பது பையன்களைக் கூட்டிப்போய் சாப்பாடு, படிப்பு, பயிற்சி எல்லாம் கொடுப்பார்கள். வெளிநாட்டுப் பையன்களோடு ஆடவிட்டு, தோற்கவிட்டு, யார் தேறுகிறான் என்று பார்ப்பார்கள். தேறியவன் பதினாறுக்குப் போவான், அப்புறம் பத்தொன்பதுக்கு. கடைசியில் நாலைந்து பேர் பெரிய அணிக்கு. “மீசை மொளச்சவனை வயசக் கொறச்சுக் கூட்டிட்டுப் போனா இன்னைக்குக் கப்பு வரும். நாலு வருஷத்துல அவன் இருக்கிற எடம் தெரியாது. அதனாலதான் வயசு விசயத்துல இத்தன கெடுபிடிங்க.”

நியாயமான விதி. இன்றும் சொல்கிறேன், நான் படித்த விதிகளிலேயே மிக நியாயமான விதி அது.

அடுத்த நாளே அப்பா அடிவாரத்து அலுவலகத்துக்குப் போய், என் பெயரும் தன் பெயரும் அம்மாவின் பெயரும் பிழையில்லாமல் எழுதிய சான்றிதழை வாங்கி, நனையாமல் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு வந்தார். மாஸ்டர் பிரித்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“ஏனுங்க, பையனுக்குப் பதினாறுன்னு போட்டிருக்குதுங்களே!”

அப்பா காகிதத்தை வாங்கி, படிக்கத் தெரிந்தவரைப் போல நெடுநேரம் பார்த்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் வாளித் தண்ணீரில் முகம் பார்த்தேன். மீசை இல்லை. வகுப்பில் செய்தி பரவி, என்னோடு புளியங்காய் தின்றவர்கள் எல்லாம் எழுந்து நின்று, “வாங்கண்ணா, உக்காருங்கண்ணா” என்றார்கள். அம்மாவிடம் எனக்கு எத்தனை வயது என்று கேட்டேன். “உனக்கு எத்தனையோ அத்தனைதான் சாமி. போயி ஆட்டப் புடிச்சுக் கட்டு” என்றாள்.

முன்வரலாறு முதலிலேயே வர வேண்டும் என்பது கோப்பு எழுதும் விதி. கொஞ்சம் தாமதமாகிவிட்டது, இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு இருபத்தைந்து வயதானபோது, விடுப்பில் வந்த என்னிடம் அப்பா சொன்னது இது. எனக்கு முன்னால் ஒருவன் பிறந்திருந்தான். தலைப்பிரசவம் சிக்கலாகி, அம்மாவைக் கட்டிலோடு தூக்கி அடிவார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதனால் அவன் பதிவேட்டில் ஏறினான். எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அதை யாரும் போய்ப் பதியவில்லை. புதைக்கும் முன் அம்மா அவன் இடது பாதத்தில் கரியைத் தொட்டு வைத்து, திரும்பி வா என்று அனுப்பினாள். இரண்டு வருடம் கழித்து நான் வீட்டிலேயே பிறந்தேன், இடது பாதத்தில் கருமச்சத்தோடு. அவன் பெயரையே எனக்கு வைத்தார்கள். பெயர் வந்த பிறகு காகிதம் மட்டும் வேறு எதற்கு? அவன்தானே இவன்.

பதிவேட்டில் இருந்தவன் அவன். இறந்தவன் பதிவேட்டில் உயிரோடு பதினாறு வயதில் இருந்தான். உயிரோடு இருந்த நான் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அப்பா மாஸ்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மறுவாரம் அப்பா, அம்மா, மாஸ்டர், நான் என்று நாலு பேரும் பஸ் ஏறிக் கீழே போனோம். எழுத்தர் நல்ல மனிதர். முதல் பையனின் இறப்பைப் பதிந்து, இரண்டாமவன் பிறப்பைத் தாமதப் பதிவாக ஏற்றி, மேலே ஓர் உத்தரவும் வாங்கிவிட்டால் முகாம் தொடங்குவதற்குள் சான்றிதழ் தந்துவிடலாம் என்றார். அப்பா கையெழுத்தே போதும். எழுத்தரோ, பெற்றவள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அதிகப்படியாக அக்கறை காட்டினார். பதினேழு ஆண்டுப் பணியில் அதிகப்படி அக்கறை கெடுத்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் கோப்பு என்னுடையது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் வழியாக அம்மாவின் குரல்தான் உரக்கக் கேட்டது.

“ரெண்டு புள்ள நான் பெக்கலீங்க. ஒண்ணுதான். போச்சு, வந்துருச்சு.”

“ஏம்மா, நடுவுல ரெண்டு வருசம் எங்கீங்க இருந்தான்?”

“அது எனக்கென்னங்க தெரியும்? வந்துட்டானில்ல.”

நான் எங்கேயும் போனதாக எனக்கு நினைவில்லை. திருவிழாவில் தொலைந்துபோய் யாராவது வளர்த்துக் கொடுத்தார்களோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா வாசலுக்கு வந்து என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“காலக் காட்டு சாமி. அந்தக் கால் இல்ல, இடது கால்.”

எனக்கு நெஞ்சு விம்மியது. தொப்பிக்காரர் மெச்சிய காலைத்தான் காட்டச் சொல்கிறாள். இதுவரை ஒரு நாளும் என் ஆட்டத்தைப் பார்க்க வராத அம்மா, எனக்காகப் பரிந்து பேசுகிறாள்! மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முடிந்த அளவு உயரத்தில் பாதத்தைத் தூக்கிக் காட்டினேன். பந்து இருந்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டியிருப்பேன்.

எழுத்தர் குனிந்து பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“செத்துட்டான்னு எழுதோணுங்கறீங்க. இங்க நிக்கிறானுங்களே” என்றாள் அம்மா. அவள் குரல் இறங்கியிருந்தது.

எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பேனாவை மூடினார். “சரிங்கம்மா. நீங்க சொல்றதுதான் சரி. நான் ஒண்ணும் எழுதல” என்றார்.

அவ்வளவுதான். முகாமுக்கு மாநிலத் தேர்வில் எனக்கு அடுத்து நின்ற பையன் போனான். ஐந்து வருடம் கழித்து ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பள்ளிச் சான்றிதழே போதும் என்றார்கள். துப்பாக்கி தூக்குவதற்குப் பந்து உதைக்கும் அளவுக்குக் கெடுபிடி இல்லை. அந்தப் பதிவேட்டைத் திருத்தும் படிவங்கள் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பதினைந்து நிமிட வேலை. செய்யவில்லை.

அன்று திரும்பும் பஸ்ஸில் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்தே அழத் தொடங்கினேன். அம்மா சொன்னது சரி என்று எழுத்தரே ஒத்துக்கொண்டார். என் காலையும் பார்த்துவிட்டார். பிறகு ஏன் எனக்குச் சான்றிதழ் தரவில்லை? யாரைக் கோபித்துக்கொள்வதென்றே தெரியவில்லை. அப்பா முன்சீட்டில் மாஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் என் தலை ஜன்னல் கம்பியில் இடித்தது.

அம்மா மட்டும் அப்படிச் சந்தோஷமாக இருந்தாள். சந்தையில் பொரி வாங்கினாள், பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தாள், காரணமே இல்லாமல் நடத்துநரிடம் ஊர்ப் பேச்சுப் பேசிச் சிரித்தாள். என் வாழ்க்கையே போய்விட்ட நாளில், எதையோ பறிகொடுக்காமல் காப்பாற்றிக்கொண்டு வந்தவளைப் போல என்னை இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று நினைத்தேன். மலை ஏறி முடியும்வரை அவள் தந்த பொரியை நான் தொடவில்லை.