பச்சைத் தண்ணி என்றுதான் சொன்னேன்

போன வாரம் தேனியில் ஒரு கல்யாண வீட்டில், என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். "பெரியம்மாவுக்கு இப்பல்லாம் புத்தி தடுமாறுது. பச்சைத் தண்ணிய ஊத்தச் சொல்லி, நல்லா இருந்த காரக் கெடுத்துருச்சு."

பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து பதில் சொல்வது மரியாதையில்லை. அதனால் சொந்தபந்தம் எல்லாம் பார்க்கிற இந்த முகநூல் பக்கத்தில் சொல்கிறேன். பச்சைத் தண்ணி என்று நான் சொன்னது உண்மை. மற்றது பொய்.

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதிலிருந்து சொல்ல வேண்டும்...

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் காய்ந்த மிளகின் காரம் சிமென்ட் களத்தில் இன்னும் மூக்கில் ஏறும். அதோடு, பானெட்டைத் திறந்ததும் வரும் ஆயில் வாடை. எங்கள் வீட்டு வாசல் சரிவு. சரிவில் நின்றால் ஆயில் அளவு பொய் சொல்லும் என்று, என் கணவர் மிளகை ஓரமாகக் கூட்டி ஒதுக்கிவிட்டு, முந்தின இரவே காரைக் களத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். காலையில் இஞ்சின் தொட்டால் சில்லென்று இருக்கும்.

அவருக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி போடுவதோ கௌரவக் குறைச்சல். அதனால் வேலை பிரிந்தது. ஆயில் குச்சியை உருவுவது அவர். பழைய வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"எங்க நிக்குது?"

"நடுவுக்குக் கொஞ்சம் மேல."

"கொஞ்சம்னா?"

"நகத்தளவு."

"என் நகமா, ஒன் நகமா?"

கான்வென்ட்டில் தினமும் நகத்தை நீட்டிக் காட்டி வளர்ந்தவள் நான். தோராயம் எனக்கு ஆகாது. அவருக்கும் ஆகாது. எங்களுக்குள் பொருத்தம் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை, ஆனால் இதுதான் பொருந்தியது.

பிறகு பிரேக் ஆயில். கண்ணாடி கழுவும் தண்ணீர். கடைசியாக, இஞ்சின் சூடேறாமல் காக்கும் கூலன்ட். வெள்ளை டப்பாவுக்குள் பச்சையாகத் தெரியும். முதன்முதலில் அவர் அதை வாங்கி வந்த அன்று, நிறத்தைப் பார்த்துவிட்டு, "ஊரே குழாயில புடிக்குது, நீங்க பச்சைத் தண்ணிய கடையில வாங்கிட்டு வர்றீங்களே" என்றேன். பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கூலன்ட்டுக்குப் பச்சைத் தண்ணி என்றே பெயர். குழாயில் வருவது வெறும் தண்ணி.

அவர் போன பிறகு, "ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குக் காரு?" என்றார்கள். நான் ஓட்டினேன். ஞாயிறு காலை களத்தைக் கூட்டி, நானே துடைத்து, நானே பார்த்தேன். "நடுவுக்குக் கொஞ்சம் மேல" என்று வாய்விட்டுச் சொல்வேன்... கேட்க ஆளில்லாவிட்டாலும்.

அப்படி ஒரு ஞாயிறுதான் என் கொழுந்தன் வந்தார். கணவரின் கடைசித் தம்பி. மேலே எஸ்டேட்டில் அவசரச் சோலி, கார் வேண்டும் என்றார்.

"பொறுங்க தம்பி. இன்னும் ஒண்ணையும் பாக்கல. பாத்துட்டுத் தர்றேன்."

"வெரசாப் போகணும் மதினி. காரு என்ன கைப்புள்ளையா, பால் குடிச்சுச்சான்னு பாக்க?"

எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் நின்ற இடத்தில், சிமென்ட்டின் மேல் பச்சையாக ஈரம். எங்கோ ஹோஸ் தளர்ந்திருக்கிறது. உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை.

போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டு அவரே கூப்பிட்டார்.

"மதினி, முன்னால ஒரே ஆவியா வருது. முள்ளு செவப்புக்குப் போயிருச்சு!"

"இஞ்சின ஆஃப் பண்ணுங்க. மூடியத் தொடாதீங்க. நல்லா ஆறட்டும். ஆறுனப்புறம் பச்சைத் தண்ணி ஊத்துங்க."

"பச்சைத் தண்ணிதானே? அதான் ஓடையில ஓடுதே!"

"அது இல்ல தம்பி, டிக்கியில..."

லைன் போய்விட்டது. அந்த வளைவுகளில் சிக்னல் அப்படித்தான்.

ஓடைத் தண்ணீரை ஊற்றியதைக்கூட நான் குறை சொல்லவில்லை. ஆறிய இஞ்சினில் ஊற்றியிருந்தால் கார் வீடு வந்து சேர்ந்திருக்கும். அவர் ஆறும்வரை நிற்கவில்லை. துண்டைப் போட்டு மூடியைத் திருகி, கொதிக்கிற இஞ்சினில் மலைத் தண்ணீரை ஊற்றினார். இஞ்சின் ஹெட் விரிசல் விட்டது.

கீழே ஊருக்கு வந்து சேர்ந்தது, "மதினிதான் பச்சைத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க" என்பது மட்டும். "ஆறட்டும்" மலையிலேயே நின்றுவிட்டது.

சென்னையிலிருந்து என் மகன் பேசினான். "விடுங்கம்மா. இனிமே காரெல்லாம் ஒங்களுக்கு வேணாம். ரிப்பேர் பண்ணிட்டு, சித்தப்பா வீட்லயே நிக்கட்டும்." நடந்ததை முழுதாகச் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றான். கேட்டவன் குரல் அப்படி இருக்காது.

ரிப்பேர் முடிந்தது. கார் திரும்பி வரவில்லை.

இப்போது ஜீப்பில் போகிறேன். "ஆத்தா, இன்னுங் கொஞ்சம் ஒடுங்கி உக்காரு" என்கிறார்கள். ஒடுங்கி உட்கார்கிறேன். கொழுந்தன் வீட்டு வழியாகத்தான் ஜீப் போகிறது. கார் சரிவில் நிற்கிறது. பானெட்டின் மேல் போர்வை காய்கிறது.

அன்றைக்கு நான் "கொஞ்சம்" என்றால், எவ்வளவு என்று கேட்க ஒருவர் இருந்தார். இன்று நான் சொன்னதில் பாதியை வைத்துக்கொண்டு குடும்பம் முழுவதும் திருப்தியாக இருக்கிறது.

தம்பி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஆறட்டும் என்று நான் சொன்னேனா, இல்லையா? போன் செய்ய வேண்டாம். என் மகனும் பார்க்கும்படி, இதற்குக் கீழே எழுத்தில் பதில் போடுங்கள்.