செவலைக்கும் காரிக்கும் ஒரே சராசரி

எழுபதுகளின் நடுவில், கல்யாணமாகி நான் வடகரப்பதிக்கு வந்த இரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. மாட்டுத் தீனிக்கான சோளத்தட்டுப் போர் பாதியாகிவிட்டது. செவலை, காரி என்ற இரண்டு கறவை மாடுகளில் ஒன்றை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. எதை விற்பது என்பதில்தான் தகராறு.

மாமனாருக்குக் காரியை விட மனசில்லை. "ஏழு லிட்டரு கறந்ததை நானே கண்ணால பாத்திருக்கறேன்" என்பார். என் கணவருக்குச் செவலைதான் உசத்தி.

"அது மூணு லிட்டரோட நிக்கறதையும் பாருங்கப்பா. அதை நம்பி ஒருத்தருக்குப் பால் ஊத்தறேன்னு சொல்ல முடியுமா?"

இருவர் சொன்னதும் உண்மை. நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். அந்தப் படிப்புக்கு அதுவரை வீட்டில் ஒரு வேலையும் வந்ததில்லை.

"பதினாலு நாளு காலைப்பாலை அளந்து எழுதிப் பாக்கலாமுங்க மாமா" என்றேன்.

"எழுது அம்மிணி. எழுதுனா பாலு கூடுதான்னு பாப்போம்" என்று சிரித்தார்.

அத்தை ஒரு நாள், என் கணவர் ஒரு நாள் என்று மாற்றி மாற்றிக் கறப்பது வழக்கம். கறந்தது யார் என்பதையும் ஓரத்தில் குறித்துவைத்தேன். ஒழுங்காக எழுதுகிறேன் என்று காட்டிக்கொள்ளத்தான், வேறு காரணமில்லை.

பதினைந்தாம் நாள் கூட்டினேன். செவலை எழுபது லிட்டர். காரியும் எழுபது. பதினாலால் வகுத்தால் இரண்டுக்கும் சராசரி ஐந்து. மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், இதற்கா இத்தனை நாள் என்ற கேள்வி இருந்தது.

"பொறுங்க மாமா" என்று, ஒவ்வொரு நாளும் ஐந்திலிருந்து எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று பார்த்தேன். கூடுதலா குறைவா என்பதை விட்டுவிட்டு, அந்த வித்தியாசங்களுக்கும் ஒரு சராசரி எடுத்தேன். செவலைக்குக் கால் லிட்டர். காரிக்கு ஒன்றேமுக்கால்.

"நாஞ் சொன்னது சரியாப் போச்சல்ல?" என்று கணவர் எழுந்தே விட்டார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. காரி நடுவில் நின்ற நாளே இல்லை. ஒன்று ஆறரை, ஏழு; இல்லையென்றால் மூன்று, மூன்றரை. ஐந்து லிட்டர் ஒரு நாள்கூடக் கறக்கவில்லை. ஓரக் குறிப்பில் விரலை வைத்து இறங்கிவந்தேன். ஆறரையும் ஏழும் எல்லாம் அத்தையின் நாள்கள். மூன்றும் மூன்றரையும் என் கணவருடையவை.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நோட்டை அத்தை பக்கம் திருப்பிவைத்தேன். அவர் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மாடு என்னடா பண்ணும்? நீ வெடுக்கு வெடுக்குன்னு இழுத்தா அது பாலை அடக்கிக்குது!"

"செவலை அடக்கலையே?"

"அது பாவம், சாது."

அடுத்த வாரம் முழுக்க அத்தையே கறந்தார். காரி ஒரு நாளும் ஆறரைக்குக் கீழே இறங்கவில்லை.

செவலையைப் பக்கத்து ஊரில் கைக்குழந்தை இருந்த ஒரு வீட்டுக்குக் கொடுத்தோம். வாங்கவந்த பெண்ணிடம், "காலைல அஞ்சு லிட்டருங்க. மிஞ்சிப்போனா அரை லிட்டரு முன்னப்பின்ன இருக்கும்" என்று தைரியமாகச் சொன்னேன். இத்தனை துல்லியமாக மாடு விற்பவர்களைப் பார்த்ததில்லை என்றார் அவர்.

அன்றிலிருந்து என் கணவருக்கு மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப்போடும் வேலை. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை; அத்தை கறக்கும் நேரத்தில் அவர் நிம்மதியாக இன்னொரு காப்பி குடித்தார்.